பரிபூரணத்தின் இரண்டாவது மானிட்டர்

புதுக் கம்ப்யூட்டர் வந்து மூன்று நாளாகிவிட்டது. இரண்டாவது மானிட்டர் இன்னும் கண் திறக்கவில்லை.

பொன்னுராஜ் மேஜைக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்குவதும் திரும்பச் சொருகுவதுமாக இருந்தான். மேஜைக்கு முன்னால் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி பரிபூரணம். அவன் "இப்ப?" என்று கேட்கும்போதெல்லாம் "இல்ல" என்றாள். தலையை ஆட்டிச் சொல்ல அவளால் முடியாது. ஒவ்வொரு தடவையும் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்குல்லா. ரெண்டு ஓட்டைன்னா ரெண்டு மானிட்டர்தான? கம்ப்யூட்டர் கடைப் பாய்தான் எதையோ சரியா மாட்டாம விட்டுருக்கான்."

"விடுங்க. நாளைக்கு நான் ராசபாளையம் போய்க் கேட்டுட்டு வாரேன்."

அவன் தலை சட்டென்று மேலே வந்தது. "நீ எதுக்கு? நானே போறேன்."

"நீங்க ரெண்டு தடவை போயாச்சு."

"இந்தக் கழுத்தை வச்சிக்கிட்டு பஸ்ல போவியாக்கும்? நாளைக்கு ஆடித் தேரு வேற. ஊருக்குள்ள பஸ்ஸே வராது."

"அதான் போறேன். தேரன்னைக்கு எவன் பத்திரிகை அடிக்க வரப்போறான்?"

அவன் குனிந்து மறுபடி ஒயரைச் சொருகினான். ராத்திரி சாப்பிடும்போது இன்னொரு தடவை தடுத்துப் பார்த்தான்; பாய் நாளைக்குக் கடையில் இருக்கமாட்டான் என்றான். இருக்கமாட்டான் என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கத் தெம்பில்லை.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய டி.டி.பி. சென்டர். தொண்ணூற்று மூன்றில் தொடங்கினாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேருடைய நல்லது கெட்டது அவள் விரல் வழியாகத்தான் போயிற்று. மேஜையில் கிடக்கும் தாளைக் குனிந்து பார்க்க வேண்டும், நிமிர்ந்து திரையைப் பார்க்க வேண்டும், மறுபடி குனிய வேண்டும். ஆறு வருஷம் இப்படிக் குனிந்து நிமிர்ந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று மதுரை டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். இனிமேல் குனியக் கூடாது என்றார். குனியாமல் எப்படி டைப் அடிப்பது என்று அவர் சொல்லவில்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தது கிருஷ்ணன்கோவில் காலேஜில் பார்த்த ஒரு காட்சி. ஆண்டுமலர் புரூஃப் கொடுக்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் லேப்பில் ஒருவர் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஒன்றில் ஸ்கேன் செய்த பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்து மற்றதில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து ஒரு தரம்கூடக் கீழே போகவில்லை. பரிபூரணம் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வந்த வேலையை அவரே கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

அந்த வருஷம் தை மாதம் பொன்னுராஜ் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். ராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருஷம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பார்த்தவன். மூடின பிறகும் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு எட்டேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான். கேட்டால் சங்க ஆபீஸ் என்பான், வேறு மில்லில் ஆள் எடுக்கிறார்களாம் என்பான். ஆனி கடைசியில் மில் கணக்கு முடித்துக் கொடுத்ததும் அதில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று சொன்னதும் அவன்தான்.

"பகல்ல நீ வேலை பாரு. சாயங்காலம் காலேஜ் பயலுக கேம் விளையாட வருவானுக. மணிக்கு இம்புட்டுன்னு வாங்கலாம். ஆனா அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டா போடணும் பாத்துக்கோ. சாதா கார்டுல கார் ரேஸ் போட்டா மாட்டு வண்டி மாதிரில்லா போகும்."

அவன் இவ்வளவு பேசியே ஆறு மாதம் ஆகியிருந்தது. அவளும் சரி என்றாள். "எனக்கு ரெண்டு மானிட்டர் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்." மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவன் சட்டைப் பையிலும் வைத்தாள். ராஜபாளையம் பதிப்பாளர் ஒருவர் பத்தாம் வகுப்பு வினா வங்கி கொடுத்திருந்தார். வாத்தியார்கள் கைப்பட எழுதிய அறுநூறு பக்கம். அரைப் பரீட்சைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். பழைய மானிட்டர் ஒன்று கையில் இருந்தது, புதியது ஒன்று வரப்போகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் கழுத்து பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மறுநாள் அவனே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு ஓட்டையுள்ள கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். ஊருக்குள் ஜனம் நெரிந்தது. மேளச் சத்தத்துக்கும் வடம் பிடிக்கிறவர்கள் கூச்சலுக்கும் நடுவில் இடிபடாமல் ஒதுங்கி ஒதுங்கி, ஊருக்கு வெளியே பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாள். எதிரே வந்த கூட்டம் முழுக்கத் தேரைப் பார்க்கப் போயிற்று. பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மடியில் கார்டை வைத்துக்கொண்டு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தாள்.

சேக் முகைதீன் பாயின் கடை பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு டிவி ரிப்பேர் பார்த்தவன், இப்போது கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிறான். அவளை அவன் பார்த்ததில்லை. யாரென்று சொன்னதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கக்கா. அண்ணாச்சி வரலியா?"

"வரல. ரெண்டாவது மானிட்டர் தெரியல தம்பி. அவியகிட்ட எழுதியே கொடுத்து விட்டேனே."

அவன் முகம் மாறியது. "ரெண்டு மானிட்டரா? அண்ணாச்சி எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியேக்கா. கேமுக்கு நல்ல கார்டா வேணும்னாங்க. முந்தாநாள் வந்தப்பவும் ரெண்டு ஓட்டையும் வேலை செய்யுமான்னுதான் கேட்டாங்க. செய்யும்னேன்."

அவள் செய்தித்தாளைப் பிரித்துக் கார்டை எடுத்து வைத்தாள். அவன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான்.

"இது தனியா நிக்கிற கார்டு இல்லக்கா. மெயின் கார்டுல இருந்து வர்ற படம் இந்த ஓட்டை வழியா உள்ள போயி, அந்த ஓட்டை வழியா மானிட்டருக்கு வரும். கேம் போடும்போது மட்டும் இது நடுவுல பூந்து வேலை பாக்கும். ஒண்ணு முன்வாசல், ஒண்ணு கொல்லைவாசல். வீடு ஒண்ணுதான். ரெண்டு மானிட்டர் இதுல வராது."

"அப்ப எனக்கு என்ன வழி?"

சேக் முகைதீன் அலமாரியைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தான். போன வாரம்தான் மெட்ராஸிலிருந்து வந்ததாம். ஒரே கார்டு, ரெண்டு மானிட்டர். எழுத்து கல்வெட்டு மாதிரித் தெரியும், உங்களுக்கென்றே செய்தது என்றான். "ஆனா கேமுக்கு இது சரிப்படாதுக்கா. ஓடும், திக்கித் திக்கி ஓடும். அண்ணாச்சிக்குப் பிடிக்காது. நீங்க சரின்னா இந்தக் கார்டையும் வீட்ல இருக்கிற மெயின் கார்டையும் எடுத்துக்கிட்டு இந்தப் புதுசைக் கொடுத்துருதேன். சரிக்குச் சரி, மேல துட்டு வேண்டாம்."

பரிபூரணம் யோசிக்கவில்லை. "இதையே கொடு தம்பி. அவியட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"செத்த இருங்க. திரும்ப வாங்குற கார்டு ஓடுதான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

கடை மூலையில், வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட, இவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே ஒரு கம்ப்யூட்டர் மூடியில்லாமல் திறந்து கிடந்தது. அதன் உள்ளே கார்டு சொருகப் பழுப்பு நிறப் பள்ளம் ஒன்று, வெள்ளைப் பள்ளம் நாலு. அதிலிருந்த கேம் கார்டைக் கழற்றிவிட்டு இவள் கொண்டுவந்ததை ஒரு வெள்ளைப் பள்ளத்தில் அமுக்கி, கார் ரேஸைப் போட்டான். மலைப்பாதையில் சிவப்புக் கார் ஒன்று பாய்ந்து ஓடியது. அவன் ஒரு சுற்று ஓட்டி, ஒரு வளைவில் மோதி நிறுத்தினான். கார்டில் குறையில்லை. கார் மறைந்து, அதிக வேகத்தில் ஓட்டியவர்கள் பட்டியல் வந்தது.

பத்து வரி. பத்திலும் ஆங்கில எழுத்தில் ஒரே பெயர். பொன்னுராஜ்.

அவன் அவசரமாக அதை மூடப் போனான்.

"இரு தம்பி" என்றாள் பரிபூரணம். "இது யாரு?"

அவன் ஸ்குரூ டிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

"அவியதான. எம்புட்டு நாளா வாராவ?"

"மாசியில இருந்துக்கா."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை கடை கிடையாது."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது ஒரு சலிப்புதான். மாசி, பங்குனி, சித்திரை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஆறு மாதம் விடிவதற்கு முன்னால் எழுந்து, பட்டையைக் கட்டிக்கொண்டு சோறு வடித்து, டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுத்திருக்கிறாள். வேலை தேடிப் போகிற மனுஷன் பசியோடு போகக் கூடாதென்று.

"தப்பா நினைக்காதீங்கக்கா" என்றான் சேக் முகைதீன். "முதல்ல ஒரு மாசம் உண்மையிலேயே அலைஞ்சாங்க. மூணு மில்லுல கேட்டாங்களாம். முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கமாட்டோம்னுட்டானுக. ஒருத்தன் வாட்ச்மேன் வேலை இருக்கு, ஆனா ராத்திரி பூரா நிக்க உனக்குக் காலு தாங்குமான்னு கேட்டானாம். அன்னைக்குத்தான் வெயிலுக்கு இங்க ஏறி வந்தாங்க. ஒரு ஃபேன் ஓடாமக் கிடந்துச்சு. தானா எந்திரிச்சி அதைச் சரி பண்ணிக் கொடுத்தாங்க. சும்மா ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்கன்னு நான்தான் உக்கார வச்சேன்."

"என்ன பேசுவாவ?"

"ஒண்ணும் பேசமாட்டாங்க. ஒரு நாள் மட்டும் சொன்னாங்க. மில்லுல ஷிப்டுக்குப் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் நடப்பேன் பாய், அம்புட்டும் நடந்து அதே இடத்துலதான் நிப்பேன். இதுல உக்காந்துக்கிட்டே எங்கயோ போயிருதேன்னு."

கீழே தெருவில் யாரோ தெலுங்கில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். பரிபூரணம் மேஜையிலிருந்த புதுப் பெட்டியைப் பார்த்தாள். கல்வெட்டு மாதிரி எழுத்து. எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கே நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அவன் மறுபடி இங்கே வருவான், இல்லையென்றால் வேறு எங்காவது போவான். இரண்டு மானிட்டர் என்று எழுதின துண்டுத் தாள் அவன் சட்டைப் பையிலேயே கிடந்து துவைக்கையில் கரைந்திருக்கும். அவன்மேல் இரக்கப்பட அவளுக்கு மனசில்லை. பொய் பொய்தான். ஆனாலும் அந்தக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து, நான் பார்த்துவிட்டேன் என்று அவன் முன்னால் நிற்க அதைவிட மனசில்லை.

"தம்பி, எனக்கு ரெண்டாவது மானிட்டர்ல எழுத்து மட்டும் தெரிஞ்சா போதும். படம் ஓட வேண்டாம், கலர்கூட வேண்டாம். அதுக்கு ஏதாவது பழசு கெடக்கா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அவியளோட கார்டு?"

"அது இருக்கட்டும்."

அவன் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு, பழைய கார்டு ஒன்றை இன்னொரு வெள்ளைப் பள்ளத்தில் போட்டால் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு இரண்டாவது மானிட்டரை ஏற்றுக்கொள்ளும் என்றான். "ஆனா நம்பிச் சொல்லமாட்டேன். சில கார்டு சேரும், சிலது மாமியா மருமக மாதிரி. ஒண்ணு இருக்கிற வீட்ல ஒண்ணு இருக்காது. போட்டுப் பாத்துத்தான் தெரியும். நேரமாகும்."

"ஆகட்டும். தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல."

இன்னொரு மானிட்டரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேஜைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தான். கழற்றிப் போட்ட கார்டுகள் அதில் ஏழெட்டு கிடந்தன. முதல் கார்டைப் போட்டதும் இரண்டு மானிட்டருமே இருண்டுவிட்டன. இரண்டாவதைப் போட்டதும் இடமும் வலமும் மாறி, பழைய கார்டு ராஜாவாகவும் புதியது கூஜாவாகவும் ஆயின. எது முதல் கார்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதாம், அதில் போய் மாற்றினான். மாற்றியும் அந்தக் கார்டு அசையவில்லை. மூன்றாவதற்கு டிரைவர் ஃப்ளாப்பி கிடைத்தது, படிக்கத்தான் மாட்டேன் என்றது. நான்காவதை எடுத்தவன், பள்ளத்தில் வைக்கும் முன்பே தூக்கிப் போட்டான். கால் ஒன்று உடைந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் அணைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி போட்டு, அது முனகி எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டும். இரண்டு டீ வந்து ஆறிப்போயிற்று. பரிபூரணம் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

"அக்கா. பாருங்க."

கண்ணைத் திறந்தாள். ஐந்தாவதா ஆறாவதா என்று தெரியவில்லை. இரண்டு மானிட்டரும் வெளிச்சமாக இருந்தன. அவன் மவுஸை நகர்த்த, அம்புக்குறி முதல் திரையின் ஓரத்துக்குப் போய், காணாமல் போய், இரண்டாவது திரையில் முளைத்தது. பழைய கார்டின் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளடித்தது. ஓரத்தில் மெல்லிய நடுக்கம் இருந்தது. அவள் எழுந்து வந்து, எதிரே உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி ஒரு வரி அடித்தாள். இரண்டாவது திரையைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பினால் போதுமாயிருந்தது. கழுத்து அதன் பாட்டுக்கு இருந்தது.

"இது எந்தக் காலத்து கார்டு தம்பி?"

"ஒரு பைனான்ஸ் ஆபீஸ்ல கழட்டுனது. பில் அடிச்சிக்கிட்டு இருந்துச்சு. கொண்டு போங்க, இதுக்குப் போயி விலை சொல்லமாட்டேன்." வாசல் வரை வந்தவன் தயங்கினான். "அண்ணாச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா."

"நீ எங்க சொன்ன? அந்தப் பட்டியல்லா சொல்லுச்சு."

திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. தேர் நிலைக்கு வந்திருந்தது, பஸ் பாதித் தூரம் ஊருக்குள் வந்தது. இறங்குமிடத்தில் பொன்னுராஜ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பால்கோவாக் கடை வந்ததும் அவன் கேட்டான்.

"பாய் இருந்தானா?"

"இருந்துச்சு."

"என்ன சொன்னான்?"

"ரேஸ் பட்டியல்ல பத்துலயும் உங்க பேருதான்."

அவன் நின்றுவிட்டான். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பலூன் வாங்கிய ஒரு குழந்தை அவன் காலில் முட்டிக்கொண்டு ஓடியது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

அவன் யோசித்தான். பையை மறு கைக்கு மாற்றினான். "வீட்ல இருந்தா நீ குனிஞ்சி குனிஞ்சி வேலை பாக்கதை நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றான் கடைசியில். "நான் சும்மா இருக்கதை நீ பாக்கணும். அதான்."

"ரெண்டு மானிட்டர்னு எழுதிக் கொடுத்ததையும் பாய்கிட்ட காட்டல."

"பின்னாடி ரெண்டு ஓட்டை இருந்துச்சு பரிபூரணம். சத்தியமா இருக்கும்னுதான் நினைச்சேன். கேட்டு, இல்லன்னு சொல்லிட்டான்னா அந்தக் கார்டை விடணுமேன்னு கேக்கல."

அது உண்மை என்று அவளுக்குப் பட்டது. அன்று முழுவதும் அவள் கேட்டதில் முழுசான உண்மை அதுதான். ஆத்திரப்பட்டிருக்கலாம். நடுத்தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வலி தோளிலிருந்து முழங்கை வரை இறங்கியிருந்தது.

"உங்க கார்டு உள்ளதான் இருக்கு. கூட ஒரு பழைய கார்டும் இருக்கு. காலைல ரெண்டையும் மாட்டுங்க. எது எந்தப் பள்ளம்னு பாய் எழுதிக் கொடுத்திருக்கு. இப்ப நடங்க, எனக்குப் படுக்கணும்."

மறுநாள் காலையில் அவன் எட்டேகால் பஸ்ஸுக்குப் போகவில்லை. எழுதிக்கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார்டுகளை மாட்டினான். மில்லில் நூல் கதிர் மாட்டிய கை அது. அவசரமில்லாமல், நடுக்கமில்லாமல் செய்தது. இரண்டாவது மானிட்டர் மஞ்சளாகக் கண் விழித்தது. பரிபூரணம் வினா வங்கியின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அதில் போட்டாள்.

ஆவணியில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்தன. கழுத்து வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. விடிந்ததும் இருந்த வலி மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான். கிருஷ்ணன்கோவிலிலிருந்து பையன்கள் இரண்டு மாதம் வந்தார்கள். பிறகு அங்கேயே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஆறு கம்ப்யூட்டரோடு ஒருத்தன் கடை போட்டான். ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்து ஒருத்தரோடொருத்தர் மோதலாமாம். இங்கே இருப்பது ஒன்று. வந்த பையன்கள் அத்தோடு நின்றார்கள்.

பொன்னுராஜ் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தான். வாத்தியார்களின் கிறுக்கல் புரியாத இடங்களில் இருவரும் சேர்ந்து முகத்தைச் சுளித்துப் படித்தார்கள். அதற்காக அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. அவன் கடைத்தெருவுக்குப் போய்வர நேரமானால் அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து அவன் போகும் இடத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போவான்.

கார்த்திகை கடைசியில் அறுநூறாவது பக்கம் முடிந்தது. ராஜபாளையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பதிப்பாளர் ஒன்பதாம் வகுப்புக்கும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். வந்ததும் வராததுமாக உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தாள். முன்னறையில் அவன் ரேஸ் போட்டிருந்தான். கார் உறுமிக்கொண்டே ஏதோ மலையில் ஏறியது.

"சத்தத்தைக் குறைங்க" என்றாள்.

அவன் குறைத்தான். அவள் தூங்கிப்போனாள்.